புலியை விடுமுன் மானை விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபகற்ப மலேசியக் காடுகளில் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அதற்குப் பிறகு புலியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் வாசகர் கடிதங்களிலும் சாப்பாட்டுக்கடை மேசைகளிலும் ஒரே யோசனைதான் அடிபடுகிறது: மிருகக்காட்சிசாலையில் புலி நன்றாகத்தானே குட்டி போடுகிறது, அவற்றைப் பெருக்கித் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் விட்டால் என்ன? நாட்டின் சின்னத்திலேயே இரண்டு புலிகளை நிறுத்தி வைத்திருக்கிற நமக்கு அந்த ஆசை வருவது இயல்பு.

ஆனால் புலி குறைந்தது குட்டி பிறக்காததால் அல்ல. கூண்டில் ஆனாலும் காட்டில் ஆனாலும் கர்ப்பம் மூன்றரை மாதம்தான்; ஓர் ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகள். காட்டில் அவற்றை முடித்துக் கட்டியவை வேட்டைக்காரர் வைக்கும் கம்பிக் கண்ணி, இரைப் பஞ்சம், நோய். 2019-இல் திரங்கானு, டுங்குன் பக்கம் கம்பத்துக்குள் தள்ளாடி வந்து பிடிபட்ட ஆண் புலி, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயால் செத்தது. இந்த மூன்றும் அப்படியே இருக்கும்போது கூடுதலாகப் பத்துப் புலியை உள்ளே அனுப்பினால் கண்ணிக்குப் பத்துப் புலி கூடுதலாகக் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல் தாய். புலிக்குட்டி ஒன்றரை முதல் இரண்டு வயது வரை தாயோடு திரிந்துதான் பதுங்குவது, கழுத்தைக் கவ்வுவது, மனித வாடை வந்தால் விலகுவது எல்லாவற்றையும் கற்கிறது. கூண்டுத் தாய்க்கே அது தெரியாது. காவலர் வாளியோடு வரும் நேரத்தில் கம்பியோரம் வந்து நின்று பழகிய புலி, காட்டில் பசித்தால் ஆளிருக்கும் திசையைத்தான் பார்க்கும். செம்பனைத் தோட்டத்து மாடு அதற்குக் கடமானைவிட எளிது. ஒரு மாடு போனால் இழப்பீடு பேசலாம்; ஒரு மனிதர் போனால் அந்த வட்டாரத்தில் புலிப் பாதுகாப்பு என்ற பேச்சையே எடுக்க முடியாது.

ரஷ்யாவின் தூரக்கிழக்கில் சாதித்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே விடப்பட்டவை காட்டில் பிறந்து தாயை இழந்த குட்டிகள். சோலுஷ்கா என்ற பெண்குட்டி 2012-இல் பனிக்காயத்தோடு கிடைத்தது. ஆள் முகமே படாத பெரிய வேலியடைப்பில் வைத்து, கேமரா வழியாக மட்டும் கண்காணித்து, உயிருள்ள இரையை விட்டு வேட்டை பழக்கி, 2013-இல் பாஸ்டாக் காப்பகத்தில் விட்டார்கள். பிறகு அது அங்கே குட்டியும் போட்டது. அந்தக் காப்பகத்தில் அப்போது புலிக் கூட்டம் என்று எதுவும் நிலைத்திருக்கவில்லை, ஆனால் காட்டுப்பன்றியும் மானும் இருந்தன. மற்றவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

கணக்கைப் பாருங்கள். வளர்ந்த புலிக்கு வாரம் ஒரு மான் அளவு விலங்கு வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 50. இந்தியாவில் உல்லாஸ் கரந்த் முதலானோரின் ஆய்வுகள்படி, இரைக் கூட்டத்தில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கைத்தான் புலி எடுக்கிறது. ஆக ஒரு புலி நிலைத்திருக்க அதன் எல்லைக்குள் சுமார் 500 இரை விலங்குகள் வேண்டும். பத்துப் புலிக்கு 5,000. நம் காட்டில் புலிக்குப் பிடித்த பெரிய இரை கடமான், மலாயில் ரூசா. அது இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு இன்று ஒரு சில காப்புக்காடுகளில்தான் கண்ணில் படுகிறது. கேளையாடு சிறிய உடம்பு; செலாடாங் என்னும் காட்டெருது அரிது. மிச்சமிருந்தது காட்டுப்பன்றி. 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் நுழைந்தபின் அதுவும் பல இடங்களில் கொத்துக்கொத்தாகச் செத்தது. தின்ன எதுவும் இல்லாத காட்டுக்கு எதை நம்பிப் புலியை அனுப்புவது?

கூண்டில் பெருக்கி விடும் முறையே வீண் என்று நான் சொல்லவில்லை. உலகில் அது காப்பாற்றிய உயிரினங்கள் உண்டு. ஆனால் அவற்றின் வரலாற்றைக் கவனித்துப் படித்தால், விடப்பட்ட விலங்கு என்ன தின்னப்போகிறது என்ற கேள்விதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

அமெரிக்காவின் கருங்கால் மரநாயைச் சொல்லலாம். வயோமிங் மாநிலத்தில் எஞ்சிய 18 விலங்குகளை 1985 முதல் 1987 வரை பிடித்து வளர்த்தார்கள். பின்னர் பெருகிய கூட்டம் அவற்றில் ஏழின் மரபிலிருந்து வந்ததுதான். 1991-இல் காட்டில் விடத் தொடங்கினார்கள். கூண்டிலிருந்து நேராக விட்டவை சீக்கிரம் செத்தன. இளம் பருவத்திலேயே மண் வளைகள் கொண்ட வெளியடைப்பில் போட்டு, உயிருள்ள இரையைப் பிடித்துப் பழகியவை அவற்றைவிட நன்றாகப் பிழைத்தன. அந்த இரை பிரெய்ரி நாய் என்னும் அணில் இனக் கொறிவிலங்கு. மரநாயின் உணவில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். பிளேக் நோய் வந்து கொறிவிலங்குக் குடியிருப்பு காலியானால், பல ஆண்டு உழைப்பில் வளர்த்து விட்ட மரநாய்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. அதனால் அங்கே பணியாளர்கள் வளை வளையாகப் போய்த் தெள்ளுப்பூச்சி மருந்து தூவுகிறார்கள். மரநாய்த் திட்டத்தின் உழைப்பில் பெரும்பகுதி அதன் இரையைக் காப்பதிலேயே போகிறது.

கலிபோர்னியா காண்டோர் கழுகு 1987-இல் 27 மட்டுமே. காட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்தார்கள். முதல் முட்டையை எடுத்துவிட்டால் பறவை மறுபடி இடும் என்பதைப் பயன்படுத்தி ஈற்றை இரட்டித்தார்கள். தாய்க் கழுகின் தலைபோன்ற கைப்பொம்மையால் ஊட்டி வளர்த்த குஞ்சுகள் சில, விட்டபின் மனிதர் நடமாடும் இடங்களில் வந்து இறங்கிச் சேட்டை செய்தன; வளர்ந்த பறவையோடு சேர்த்து வளர்க்க வேண்டியதாயிற்று. மின்கம்பத்தில் உட்காராமலிருக்க, அடைப்புக்குள்ளேயே லேசான மின்னதிர்ச்சி தரும் போலிக் கம்பம் நட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். இன்று 500-க்கு மேல் இருக்கின்றன. ஆனாலும் வேட்டைக்காரர் சுட்டுவிட்டுப் போன பிணங்களிலுள்ள ஈயக் குண்டுத் துணுக்குகளைத் தின்று இன்றும் விஷமேறிச் சாகின்றன. பறவைகளை அவ்வப்போது பிடித்து இரத்தத்தில் ஈயம் பார்த்து மருந்தேற்றி விடும் வேலைக்கு முடிவே இல்லை. இந்தியப் பிணந்தின்னிக் கழுகுகளின் கதையும் இதே வகை: மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஹரியானாவின் பின்ஜோரில் குஞ்சுகளை வளர்த்தபடியே, 2006-இல் கால்நடைக்கான அந்த மருந்தையும் தடை செய்தார்கள்.

ஓமான் பாலைவனத்தின் அரேபிய ஓரிக்ஸ் மான் வேறு விதம். காட்டில் கடைசியாக இருந்தவை 1972-இல் சுடப்பட்டன. மிருகக்காட்சிசாலைக் கூட்டத்திலிருந்து 1982-இல் மீண்டும் விடப்பட்டு, 1990களின் நடுவில் 400-ஐத் தாண்டின. உடனே கள்ள வேட்டை திரும்பியது, கூட்டம் சரிந்தது, சரணாலயத்தின் பரப்பும் வெட்டப்பட்டது. 2007-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே அந்த இடம் நீக்கப்பட்டது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

வெளியூர்க் கதை போதும். நம் வீட்டுக் கணக்கு இன்னும் கசப்பானது.

சுமத்ரா காண்டாமிருகத்தைப் பெருக்க 1984-இல் தொடங்கி சுமார் பத்து ஆண்டுகளில் இந்தோனேசியா, தீபகற்ப மலேசியா, சபா மூன்றிலும் சேர்த்து 40 விலங்குகள் பிடிக்கப்பட்டன. அவை பல நாடுகளுக்கும் பல நிலையங்களுக்கும் பிரிக்கப்பட்டன. இளந்தளிரும் காட்டு இலையும் தின்கிற விலங்குக்குப் பல இடங்களில் வைக்கோல் போட்டார்கள். குடல் கெட்டுச் செத்தன. அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் சாகக் கிடந்த ஒரு ஆண் விலங்கு, கலிபோர்னியாவிலிருந்து அத்தியின இலைகளை வரவழைத்துக் கொடுத்தபின் எழுந்து நின்றது. இனப்பெருக்கமும் சாமானியமாக இல்லை. இணை சேர்ந்தால்தான் பெண்ணுக்குக் கருமுட்டை வெளியாகும். தவறான நாளில் ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் இரத்தம் வரும்வரை மோதிக்கொள்ளும். டெர்ரி ரோத் என்ற ஆய்வாளர் அல்ட்ராசவுண்டில் சினைப்பையைப் பார்த்துப் பார்த்து நாளைக் கண்டுபிடித்தார். எமி என்ற பெண் விலங்குக்கு அடுத்தடுத்து ஐந்து கருக்கள் கலைந்தன. ஆறாவதில் புரொஜெஸ்டரோன் வகை ஹார்மோனைத் தினமும் கொடுத்துத்தான் 2001 செப்டம்பரில் ஆண்டாலாஸ் பிறந்தது. பாதுகாப்பில் கருவுற்றுப் பிறந்த கன்று, 112 ஆண்டுகளில் அதுவே முதல்.

அந்த அறிவு வந்து சேர்ந்தபோது நம் கையில் விலங்கு தீர்ந்துகொண்டிருந்தது. சிலாங்கூரின் சுங்கை டூசுன் நிலையத்திலிருந்த ஐந்தும் 2003-இல் சில வாரங்களுக்குள் செத்தன. இரத்தத்தில் டிரிப்பனோசோமா ஒட்டுண்ணி காணப்பட்டது. மாடு எருமைகளிலிருந்து கடிக்கும் ஈக்கள் கடத்துவது அது. எஞ்சிய பெண் விலங்குகளுக்கோ நீண்டநாள் இணையின்றி இருந்ததன் விளைவாகக் கருப்பையில் கட்டிகள். சபாவில் டாம் என்ற ஆண் விலங்கு 2019 மே மாதமும் இமான் என்ற பெண் விலங்கு அதே ஆண்டு நவம்பரிலும் இறந்தபின் மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகம் இல்லை. ஆண்டாலாஸ் இந்தோனேசியாவின் வாய் கம்பாஸ் தேசியப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டு 2012-இல் அங்கே தந்தையானது. எல்லைக் கோட்டை மறந்து, எஞ்சிய விலங்குகளை ஒரே கூட்டமாகக் கருதி நடத்தியிருக்க வேண்டிய காலம் 1980கள். நாம் கடிதப் போக்குவரத்தில் கழித்துவிட்டோம்.

அடுத்தது, கோலாலம்பூர்க்காரர்கள் கண்ணால் பார்க்கக்கூடியது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சூ நெகாரா என்னும் தேசிய மிருகக்காட்சிசாலைக்குப் போகிறவர்கள் ஏரியோரம் நிற்கும் நாரைகளைப் படமெடுக்காமல் திரும்புவதில்லை. அவற்றில் இரண்டு இனம். வெண்ணிற உடலும் கறுத்த இறகு நுனியும் கொண்டது பால் நாரை. பேராக்கின் மாத்தாங் அலையாத்திக் காட்டில் 1984-இல் நூற்றுக்கு மேல் இருந்து, சுமார் இருபது ஆண்டில் பத்துக்கும் கீழே போன நம் சொந்தப் பறவை. மார்பில் கறுப்பு வெள்ளைப் பட்டையும் பின்சிறகில் ரோஜா நிறமும் உள்ளது வர்ண நாரை. இந்தியா, இலங்கைப் பக்கத்து இனம், இங்கே கொண்டுவரப்பட்டது. சூ நெகாரா 1987 முதல் பால் நாரையை வெற்றிகரமாகப் பெருக்கியது. கோல சிலாங்கூரிலும் பின்னர் கோல குலாவிலும் விடப்பட்டன. இரண்டு இனமும் ஒரே வளாகத்தில் இருந்தால் கலப்புக் குஞ்சு பிறக்கும். பிறந்தது.

முதல் தலைமுறைக் கலப்பைக் கண்ணால் பிடித்துவிடலாம்: சிறகில் லேசான ரோஜாச் சாயல், மார்பில் மங்கிய கறுப்பு. அந்தக் கலப்பு மீண்டும் பால் நாரையோடு சேர்ந்து பிறப்பதைப் பார்த்தால் அசல் போலவே இருக்கும். அதைக் காட்டில் விட்டுவிட்டால் எஞ்சிய சில காட்டுப் பறவைகளின் மரபும் கெடும். திரும்ப எடுக்க வழியில்லை. அதனால்தான் விடும் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு துளி இரத்தத்தை அட்டையில் ஒற்றி மரபணு பார்ப்பது கட்டாயமாக வேண்டும். நம் நாட்டு ஆய்வாளர்கள் இதற்கான முறையை 2013-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அசல் பறவையை மட்டும் தனி அடைப்பில் இணை சேர்ப்பதும், வர்ண நாரையின் முட்டையைக் கூட்டிலிருந்தே எடுத்துவிடுவதும் அதிகச் செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. பார்வையாளருக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக இரண்டையும் கலந்து பறக்கவிடுவதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

ஆமைப் பொரிப்பகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரந்தாவ் அபாங் கரையில் 1956-இல் பத்தாயிரத்துக்கு மேல் கூடு வைத்த தோல்முதுகு ஆமை இன்று வருவதே இல்லை என்ற அளவுக்குப் போய்விட்டது. பொரிப்பகம் 1961-லிருந்தே இருந்தது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது; வெயிலில் வைத்த பொரிப்பகக் கூடுகளில் பிறந்தவை பெண்ணாகவே இருந்தன. கீற்றுக் கொட்டகை நிழலும் கூட்டுக்குள் ஒரு வெப்பமானியும் இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். முட்டையைத் தின்பதும் வலையில் ஆமை சிக்குவதும் நிற்காததுதான் அதைவிடப் பெரிய காரணம். எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் திரங்கானு தடை போட்டது 2022-இல்தான்.

இனி புலிக்கு வருகிறேன். கூண்டில் வளர்த்து விட வேண்டிய விலங்கு நமக்கு ஒன்று உண்டு. அது கடமான். மத்தியப் பிரதேசத்தில் புலிக்கு இரை சேர்ப்பதற்காகவே புள்ளிமான்களை நூற்றுக்கணக்கில் சாத்புரா காட்டுக்கு மாற்றினார்கள். இங்கே மாற்றுவதற்குக் காட்டுமந்தை இல்லாததால் வளர்த்துத்தான் விட வேண்டும். கர்ப்பம் எட்டு மாதம், ஈற்றுக்கு ஒரு குட்டி, அவசரப்பட முடியாது.

தொடக்க மந்தையில்தான் பாதி வேலை. இங்குள்ள மான் பண்ணைகள் பலவற்றில் இருப்பது வெளியிலிருந்து வந்த தீமோர் ரூசா. அது கடமானோடு கலந்து குட்டி போடும். நாரையில் நடந்தது மானில் நடக்கக் கூடாது. ஒவ்வொரு மானுக்கும் மரபணுப் பரிசோதனை வேண்டும். உறவில்லாத 20 மான்களோடு தொடங்கினால் காட்டுக்கூட்டத்தின் மரபு வகைமையில் 97.5 சதவீதம் மந்தைக்குள் வரும். ஐந்தோடு தொடங்கினால் 90 சதவீதம்தான், அதுவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் கசியும். ஒரே பலசாலிக் கிடா ஆண்டுதோறும் எல்லாப் பெட்டைகளையும் சேர்ந்துவிடும் என்பதால், கிடாவை மாற்றி மாற்றி விட்டு வம்சாவளிப் பதிவேடு எழுத வேண்டும். வளர்ப்பிடத்தில் மாட்டுக் கொட்டகை பக்கத்தில் இருக்கக் கூடாது. காசநோய், புரூசெல்லா, கோமாரி மூன்றுக்கும் பரிசோதித்து, குறைந்தது 30 நாள் தனிமைப்படுத்திய பின்பே வெளியேற்றலாம்.

அதிகம் சாவது பிடிக்கும்போதுதான். துரத்திப் பிடித்த மான் அன்றைக்கு நன்றாக நிற்கும், இரண்டு மூன்று நாளில் விழுந்து செத்துப்போகும்; பயத்திலும் சூட்டிலும் தசை சிதைந்து சிறுநீரகம் அடைபடுவதால் வரும் சாவு அது. துரத்தவே கூடாது. இந்தியாவில் செய்வதுபோல, இரண்டு பக்கமும் துணித்தடுப்பு கட்டிய நீண்ட புனல் பாதையைத் தீவனத்தால் பழக்கி, அதன் குறுகிய முனையில் இருட்டுப் பெட்டி வண்டியை நிறுத்தினால் மான் தானே ஏறும். விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். கிடாவின் கொம்பு உதிர்ந்த பருவத்தில் ஏற்றினால் ஒன்றையொன்று குத்தாது. தோல் மூடிய இளங்கொம்பு முளைத்திருக்கும்போது ஏற்றக் கூடாது, உடைந்தால் இரத்தம் கொட்டும்.

காட்டுக்குள்ளேயே சில ஹெக்டர் அடைப்பு கட்டி, உப்புமண் வைத்து, உள்ளூர் இலைதழைக்குப் பழக்கி, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும். விரட்டி வெளியே தள்ளக் கூடாது. விரும்பியபோது திரும்பி வந்து உப்பு நக்கட்டும். கிழக்குக்கரைக் காடுகளில் நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளக் காலத்தில் விடக் கூடாது. பெட்டைகளுக்குச் சமிக்ஞைக் கழுத்துப்பட்டி போடலாம். கிடாவுக்கு இணைசேரும் பருவத்தில் கழுத்து வீங்கும், சாதாரணப் பட்டி இறுக்கிக் கொல்லும், ஆகவே காதுக் குறி. இவையெல்லாவற்றுக்கும் முன்பே அந்த வட்டாரத்தில் கண்ணி அகற்றும் ரோந்து ஓராண்டாவது நடந்து, தானியங்கிக் கேமராவில் வேட்டைக்காரர் முகம் குறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் வளர்ப்பது மான் அல்ல, கடைக்குப் போகும் இறைச்சி.

2014-இல் வந்த பாண்டாக்களுக்குக் குளிரூட்டிய மாளிகையும் மூங்கிலும் கொடுத்தோம். மூன்று குட்டி பிறந்தது, பெயர் வைத்தோம், 2025-இல் பெற்றோரும் சீனாவுக்குத் திரும்பின. நம் காட்டில் அதனால் ஒரு புல்லும் அசையவில்லை. கடமான் குட்டிக்குப் பெயர் வைக்க யாரும் வரமாட்டார்கள் என்பது தெரியும். அதனால்தான் பத்திரிகையின் உதவி வேண்டியிருக்கிறது. மிருகக்காட்சிசாலையில் குட்டி பிறந்த செய்தியை நீங்கள் வெளியிடும்போது, இது எந்தக் காட்டுக்கு, அந்தக் காட்டில் இரை எவ்வளவு, முன்பு விட்டவற்றில் எத்தனை இரண்டாம் ஆண்டும் உயிரோடு இருந்தன என்ற மூன்றையும் அதிகாரிகளிடம் கேட்டு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அச்சிடுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. உணவகத்தில் மான் பிரட்டல் என்று பலகையில் எழுதியிருந்தால், தட்டில் இருப்பது பண்ணை ரூசாவா, கண்ணியில் சிக்கிய கடமானா என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. பண்ணையின் பெயரையும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமத்தையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கோழியை ஆர்டர் செய்யுங்கள்.

இப்படிக்கு,
வனவிலங்கு ஆர்வலர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்